ஐயாயிரம் யென் தாளில் ஓர் ஏழைப் பெண்



2004ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஐயாயிரம் யென் தாளில் ஓர் இளம்பெண்ணின் முகம் அச்சிடப்பட்டது. அவர் அரசியும் அல்லர், அமைச்சரும் அல்லர். கடன் வாங்கிக் குடும்பம் நடத்தியவர். அவர்தாம் ஹிகுச்சி இச்சியோ என்னும் நாவலாசிரியை.

இச்சியோ 1872இல் தோக்கியோவில் பிறந்தார். பள்ளியில் படு கெட்டிக்காரி. ஆனால் 11 வயதிலேயே படிப்பு நின்றது. மேலே படிக்கட்டுமே என்றார் தகப்பனார். பொம்பளைப் பிள்ளைக்கு ரொம்பப் படிப்பு ஆகாது, தையலும் வீட்டு வேலையும் பழகட்டும் என்பது தாயாரின் எண்ணம். தாயார் எண்ணமே நடந்தது. இந்தப் பேச்சு நம் காதுக்கும் புதிதல்லவே!

தகப்பனாருக்கு மனம் கேட்கவில்லை. 1886இல் மகளை ஒரு கவிதைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். வசதியான வீட்டுப் பெண்கள் நடுவே பழைய உடுப்போடு உட்கார்ந்து இச்சியோ இலக்கியம் கற்றார். 1887இல் அண்ணன் இறந்தார். 1889இல் தகப்பனாரும் போய்விட்டார். 17 வயதுப் பெண்ணின் தலையில் குடும்பப் பாரம் விழுந்தது. தாயும் இரு பெண்களும் துணி தைத்தும் துவைத்தும் வயிறு கழுவினர்.

கவிதைப் பள்ளித் தோழி ஒருத்தி நாவல் எழுதிப் பணம் பெற்றதைக் கண்ட இச்சியோ, தாமும் எழுதத் துணிந்தார். உவேனோ நூலகத்துக்குப் போய்ப் படித்தார். 1892இல் முதல் கதை அச்சேறியது. ஆனாலும் பசி தீரவில்லை. 1893இல் யோஷிவாரா அருகே ஒரு சின்னக் கடை போட்டார். ஏழைப் பெண்களை விலைக்கு வாங்கி அடைத்து வைத்திருந்த பகுதி அது. மிட்டாயும் சில்லறைச் சாமானும் விற்ற அந்தக் கடை ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

ஆனால் அங்கே பார்த்த பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. கூடி விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு விதியை நோக்கிப் பிரிவதை ‘தக்கேகுராபே’ என்ற கதையாக்கினார். இரண்டு யென் கடனுக்காகத் தவித்துத் திருடிய வேலைக்காரப் பெண்ணைப் பற்றியும் எழுதினார். 1896இல் மோரி ஓகாய் போன்ற பெரிய எழுத்தாளர்கள் அவரைப் பாராட்டினார்கள். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 24தான். அவருடைய நாட்குறிப்பைத் தங்கை காப்பாற்றி வைத்தார்.

“படிப்பை நிறுத்தியும் பெரிய ஆளாகிவிட்டாரே!” என்று சிலர் சொல்லலாம். அப்படியல்ல. நிறுத்திய படிப்பைத் தகப்பனார் வேறு வழியில் தொடர வைத்தார், நூலகம் கைகொடுத்தது. அந்த இரண்டும் இல்லையென்றால் இச்சியோ என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்கள் மகளைப் பாருங்கள். அடுத்த ஆண்டும் அவள் கையில் புத்தகம் இருக்கட்டும். அது உங்கள் ஒரு சொல்லில்தான் இருக்கிறது.