பிரிட்டனின் மாற்று வாக்கு முறைப் பொதுவாக்கெடுப்பு, 2011

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றலாமா என்று கேட்டு, 2011 மே 5 அன்று ஐக்கிய இராச்சியம் முழுவதும் நடத்தப்பட்ட வாக்கெடுப்பு. தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கே வெற்றி என்பது நடப்பு முறை. அந்த வாக்கு பாதியைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறை வேண்டுமா என்பதே கேள்வி. 67.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 1975-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பது பற்றி நடந்ததற்குப் பிறகு, நாடு தழுவிய அளவில் நடந்த இரண்டாவது பொதுவாக்கெடுப்பு இது. முடிவை அரசு செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டிருந்த வகையில் இதுவே முதலாவது.

முறையின் இயக்கம்

வாக்காளர் தமக்குப் பிடித்தவருக்கு 1 என்றும் அடுத்தடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் எண்ணிடுவார். முதல் விருப்ப வாக்குகளில் ஒருவர் பாதிக்கு மேல் பெற்றால் எண்ணிக்கை முடிந்தது. இல்லையென்றால் கடைசி இடத்தில் உள்ளவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் உள்ள அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். எஞ்சியவர்களில் ஒருவர் பாதியைத் தாண்டும்வரை சுற்றுகள் தொடரும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் எண்ணிக்கை இப்படித்தான்; 1969-ல் வி. வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகள் சேர்ந்த பிறகே வென்றார். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் உள்ளது இதன் சுருக்க வடிவம். அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாக நீக்கப்படுவார்கள். 2024-ல்தான் அங்கு முதன்முறையாக விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்தது.

பிரிட்டனில் முன்மொழியப்பட்ட வடிவில் எல்லா வேட்பாளருக்கும் எண்ணிட வேண்டிய கட்டாயமில்லை. ஒருவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சீட்டுகள் பிந்தைய சுற்றுகளில் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் தொகுதியில் பாதிப் பேரின் ஆதரவோடு வருவார் என்று ஆதரவுத் தரப்பு சொல்லிவந்தது முழு உண்மையல்ல.

பின்னணி

யோசனை புதிதன்று. 1917-ல் சபாநாயகர் தலைமையிலான மாநாடு இதைப் பெரும்பாலான தொகுதிகளுக்குப் பரிந்துரைத்தது. இரு அவைகளும் உடன்படாததால் கைவிடப்பட்டது. 1931-ல் ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த மசோதா அரசோடு சேர்ந்து கவிழ்ந்தது. 1998-ல் ராய் ஜென்கின்ஸ் தலைமையிலான ஆணையம், இதனுடன் விகிதாசார இடங்களையும் சேர்த்த கலப்பு முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. டோனி பிளேர் அரசு அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் கோர்டன் பிரவுன் அரசு பொதுவாக்கெடுப்புக்கான பிரிவைக் காமன்ஸ் சபையில் நிறைவேற்றியது. தேர்தல் நெருங்கிய அவசரத்தில் அதுவும் கைவிடப்பட்டது.

2010 மே தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. லிபரல் டெமாக்ரட்டுகள் 23 விழுக்காடு வாக்கு பெற்று, 650-ல் 57 இடங்களே பிடித்தார்கள். பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுவந்தது விகிதாசாரப் பிரதிநிதித்துவம். கன்சர்வேடிவ் கட்சி அதைத் தரத் தயாராயில்லை. கூட்டணிப் பேரத்தில் கிடைத்ததெல்லாம் மாற்று வாக்கு முறை மீது ஒரு வாக்கெடுப்பு. அதிலும் எதிர்த்துப் பிரசாரம் செய்யும் உரிமையைக் கன்சர்வேடிவ்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். மாற்று வாக்கு முறை விகிதாசார முறையல்ல; ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற அமைப்பு அதிலும் மாறாது. லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கே தேர்தலுக்குச் சற்று முன் இதைப் பரிதாபமான ஒரு சிறு சமரசம் என்று ஒரு பேட்டியில் ஒதுக்கியிருந்தார். எதிர்த்தரப்பு அந்தச் சொற்களை வாக்கெடுப்பு நாள்வரை விடவில்லை. ஆகக்கூடி, மனப்பூர்வமாக விரும்பும் பெரிய கட்சி ஒன்றுகூட இல்லாத சீர்திருத்தம் மக்கள் முன் வைக்கப்பட்டது. பின்னால் வந்த குழப்பங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொகுதிகளின் எண்ணிக்கையை 650-லிருந்து 600 ஆகக் குறைப்பதும் அதே மசோதாவில் இணைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்துத் தொழிற்கட்சிப் பிரபுக்கள் மேலவையில் விடிய விடியப் பேசினார்கள். 40 விழுக்காட்டுக்குக் குறைவானோர் வாக்களித்தால் முடிவு அரசைக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற ரூக்கர் பிரபுவின் திருத்தத்தை மேலவை ஏற்றது, காமன்ஸ் சபை நிராகரித்தது. 2011 பிப்ரவரி 16 அன்று மேலவை விட்டுக்கொடுக்க, அன்றே மசோதா சட்டமானது.

பொது விவாதம்

ஆதரவுப் பிரசாரத்துக்குக் கேட்டி கோஸ் தலைவர். எதிர்ப்பின் அமைப்பாளர் மேத்யூ எலியட். தொழிற்கட்சி இரண்டாகப் பிளந்தது. தலைவர் எட் மிலிபாண்ட் ஆதரித்தார், ஆனால் கிளெக்குடன் ஒரே மேடையேற மறுத்தார். மார்கரெட் பெக்கெட், டேவிட் பிளங்கெட், ஜான் பிரெஸ்காட் போன்ற மூத்தவர்கள் எதிர்த்தார்கள். முன்னாள் உள்துறை அமைச்சர் ஜான் ரீட் பிரதமர் டேவிட் கேமரனுடன் சேர்ந்தே மேடையில் தோன்றினார். நைஜல் ஃபராஜின் யூகிப் கட்சி ஆதரவு. தீவிர வலதுசாரியான பி.என்.பி. எதிர்ப்பு. பி.என்.பி. எதிர்த்த முறையே அக்கட்சிக்குச் சாதகமாகும் என்று கன்சர்வேடிவ் தலைவர்களில் ஒருவரான சயீதா வார்சி பேசியது அந்த மாதங்களின் தரத்துக்கு ஒரு சான்று.

வாதங்களில் கனமானது 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்பது. தோற்றுப்போன சிறு கட்சிக்கு வாக்களித்தவரின் சீட்டு மட்டும் மறுபடி மறுபடி எண்ணப்படுகிறது, இது சமத்துவமல்ல என்றது எதிர்த்தரப்பு. வரலாற்றாசிரியர்கள் சிலரும் இதே கருத்தில் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கூட்டுக் கடிதம் எழுதினார்கள். கணக்கு அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும், கணக்கில் எஞ்சியுள்ள எல்லாச் சீட்டும் ஒருமுறை எண்ணப்படுகிறது. முன்னணி வேட்பாளருக்குப் போட்டவரின் சீட்டு ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கே சேர்கிறது. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணிதவியலாளர் டிமத்தி கவர்ஸ் இதைப் பொறுமையாக விளக்கி எழுதினார். எத்தனை வாக்காளர்களை அது எட்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

உலகில் இந்த முறை ஆஸ்திரேலியா, ஃபிஜி, பப்புவா நியூ கினி ஆகிய மூன்று நாடுகளில்தான் உண்டு என்று கேமரன் கேலி செய்தார். ஆதரவாளர்கள் அவருடைய கட்சியையே சுட்டிக்காட்டினார்கள். 2005-ல் கன்சர்வேடிவ் தலைமைக்கான போட்டியில், எம்.பி.க்களின் முதல் சுற்று வாக்கெடுப்பில் முந்தியவர் டேவிட் டேவிஸ், கேமரன் அல்லர். 'அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி' என்று அங்கேயே முடித்திருந்தால் கேமரன் தலைவராகியிருக்க முடியாது. எதிர்த்தரப்பு கைகாட்டிய எடுத்துக்காட்டு எட் மிலிபாண்ட்: 2010-ல் முதல் சுற்றுகளில் முன்னிலை வகித்த அண்ணன் டேவிட்டை, அடுத்த விருப்பங்கள் சேர்ந்த கடைசிச் சுற்றில் தம்பி வீழ்த்தியிருந்தார். இரண்டு எடுத்துக்காட்டுகளும் சொல்வது ஒன்றே. அதைக் குறையாகப் பார்ப்பதா நிறையாகப் பார்ப்பதா என்பதில்தான் சண்டை.

நடப்பு முறையின் பலவீனத்துக்குப் புள்ளிவிவரம் கையில் இருந்தது. 2010-ல் வென்ற எம்.பி.க்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பாதிக்கும் குறைவான வாக்கில் வந்தவர்கள். நார்விச் தெற்கில் வென்றவர் பெற்றது 29.4 விழுக்காடு. அவரும் ஒரு லிபரல் டெமாக்ரட் என்பது சங்கடம். ஆனால் ஆதரவுப் பிரசாரம் இதை அழுத்திச் சொல்வதைவிட, எம்.பி.க்களைக் கடுமையாக உழைக்கவைக்கலாம் என்ற முழக்கத்தையும், காலின் ஃபிர்த், எடி இசார்ட், ஸ்டீபன் ஃபிரை போன்ற பிரபலங்களையுமே அதிகம் நம்பியது.

எதிர்த்தரப்பின் ஆயுதம் பணக்கணக்கு. புதிய முறைக்கு 25 கோடி பவுண்டு செலவாகும் என்றார்கள். பச்சிளங்குழந்தையின் படத்தைப் போட்டு, இவளுக்குத் தேவை இதய சிகிச்சை வசதி, புதிய வாக்கு முறையல்ல என்று ஒரு விளம்பரம். போர்வீரருக்குத் தேவை குண்டு துளைக்காத உடை என்று இன்னொன்று. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் 9.1 கோடி வாக்கெடுப்பை நடத்துவதற்கே ஆகும் செலவு. மக்கள் வேண்டாம் என்றாலும் அது திரும்பி வராது. 13 கோடி மின்னணு எண்ணும் இயந்திரங்களுக்கு. அவற்றை வாங்கும் திட்டம் அரசிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சி நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலுக்குக் கையால்தான் எண்ணுகிறார்கள். அமைச்சர் கிறிஸ் ஹியூன் இந்த விளம்பரங்களைப் பற்றி அமைச்சரவைக் கூட்டத்திலேயே கேமரனிடமும் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னிடமும் நேருக்கு நேர் மோதினார். அந்த எண் இட்டுக்கட்டியது என்பதை எதிர்த்தரப்பைச் சேர்ந்த பிளங்கெட்டே ஒப்புக்கொண்டதாக வாக்குப்பதிவு சமயத்தில் செய்தி வந்தது. அதற்குள் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஆதரவுத் தரப்பை அழுத்திய சுமை கிளெக். கல்விக் கட்டணத்தை உயர்த்தமாட்டோம் என்று மாணவர்களிடம் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த கட்சியின் தலைவர் 2010 டிசம்பரில் உயர்வுக்கு வாக்களித்தார். அவரைத் தண்டிக்கக் காத்திருந்த தொழிற்கட்சி வாக்காளர்களுக்கு இந்த வாக்கெடுப்பு வசதியாக வாய்த்தது. 2010-ல் பல கருத்துக்கணிப்புகளில் முந்தியிருந்த ஆதரவு, 2011 ஏப்ரலில் சரிந்தது.

முடிவு

எதிர்த்து 1,30,13,123 வாக்குகள், ஆதரித்து 61,52,607. வாக்களித்தோர் 42.2 விழுக்காடு, ரூக்கர் கேட்ட வரம்புக்குச் சற்றே மேல். அன்று உள்ளாட்சித் தேர்தல் ஏதும் இல்லாத லண்டனில் அது 35 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. எண்ணிக்கை நடந்த 440 பகுதிகளில் பத்து மட்டுமே ஆம் என்றன: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ மையம், கிளாஸ்கோ கெல்வின், லண்டனின் கேம்டன், ஹாக்னி, ஹாரிங்கே, இஸ்லிங்டன், லாம்பெத், சதக். பல்கலைக்கழக ஊர்களும் உள்லண்டனும் என்று இதைச் சுருக்கிவிடலாம். சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர்களை எண்ணிட்டு வரிசைப்படுத்திப் பழகிய வட அயர்லாந்தில் ஆதரவு 43.7 விழுக்காடு. ஐக்கிய இராச்சியத்தின் நான்கு நாடுகளில் அதுவே அதிகம்.

பின்விளைவுகள்

2012-ல் மேலவைச் சீர்திருத்தமும் கன்சர்வேடிவ் எதிர்ப்பில் முடங்க, லிபரல் டெமாக்ரட்டுகள் அடுத்த ஆண்டு தொழிற்கட்சியுடன் சேர்ந்து தொகுதி மறுவரையறையைத் தள்ளிப்போட்டார்கள். 600 இடங்கள் என்ற திட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை; 2020-ல் சட்டமே 650-க்குத் திரும்பியது. மேத்யூ எலியட் 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய 'வோட் லீவ்' இயக்கத்தை நடத்தினார். வாராவாரம் ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம் என்று ஒரு பெருந்தொகையைப் பேருந்தில் எழுதி ஊர்வலம் விட்டது அந்த இயக்கம்தான்.

2015-ல் யூகிப் 12.6 விழுக்காடு வாக்குக்கு ஒரே ஓர் இடம் பெற்றது. 2024-ல் தொழிற்கட்சி 33.7 விழுக்காட்டில் 411 இடங்களை வென்றது. வாக்கு முறை பற்றிய பேச்சு இதனால் மீண்டும் எழுந்தாலும், 2011-ல் மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட முறை பற்றியது. விகிதாசாரம் பற்றி மக்களிடம் யாரும் கேட்கவேயில்லை. லண்டன் மேயர் 2000 முதல் முதல்-இரண்டாம் விருப்ப வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். 2022 தேர்தல் சட்டம் அதை ஒழித்து, அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி என்று மாற்றியது. அப்போது அரசு முன்வைத்த காரணங்களில் ஒன்று 2011 வாக்கெடுப்பின் முடிவு. மேயர் தேர்தல் முறையை மாற்றலாமா என்று வாக்காளர்களிடம் தனியாக வாக்கெடுப்பு ஏதும் நடத்தப்படவில்லை.