பாஸ்வேர்டு சரிதான்... ஆனா, ஆபீஸ் லேப்டாப் உள்ளே விடலையா?

திங்கள்கிழமை காலை. இன்னும் 10 நிமிஷத்துல டீம் மீட்டிங். லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டால், 'தப்பு' என்கிறது திரை. பதற்றத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால், அக்கவுன்ட்டே லாக் ஆகிவிடலாம். கொஞ்சம் நிறுத்துங்க பாஸ்... சிக்கல் பாஸ்வேர்டில்தான் இருக்கணும்னு இல்லை!

ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்க்கப்பட்ட விண்டோஸ் லேப்டாப்பில், உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது 'டொமைன் கன்ட்ரோலர்' என்கிற சர்வர். நீங்க, லேப்டாப், சர்வர் என மூணு பேரும் ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும். எங்கே இடிக்குதுன்னு வரிசையாகப் பார்ப்போம்.

யாரிடம் கேட்குது?

முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்க. அடுத்து, பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே 'சைன் இன் டூ' என்ற வரி இருந்தால் அதைப் படிங்க. அங்கே ஆபீஸ் டொமைனுக்குப் பதிலாக லேப்டாப்பின் பெயர் இருந்தால், சர்வரிடம் கேட்கவே இல்லை என்று அர்த்தம். டொமைன் பெயர், பேக் ஸ்லாஷ், யூசர் நேம் என்ற வரிசையில் டைப் செய்யுங்க.

வீட்டில் இருக்கீங்களா?

சர்வரை எட்ட முடியாதபோது, கடைசியாக லாகின் செய்த பாஸ்வேர்டின் பதிவை வைத்தே விண்டோஸ் சரிபார்க்கும். அதனால், வேறு எங்காவது பாஸ்வேர்டு மாத்தியிருந்தால், வீட்டில் பழசுதான் வேலை செய்யும். அதைப் போட்டு உள்ளே போய், வி.பி.என் இணைச்சு, விண்டோஸ் கீயோடு 'எல்' அழுத்தி லாக் செய்யுங்க. பிறகு, புது பாஸ்வேர்டில் திறங்க.

அடிக்கடி லாக் ஆகுதா?

உங்க போன் மேலயும் ஒரு கண் வைங்க! ஆபீஸ் மெயில், வைஃபை இரண்டிலும் பழைய பாஸ்வேர்டு இருந்தால், அது பின்னணியில் முயன்றுகொண்டே இருக்கும். ஐ.டி டீம் திறந்துவிட்டாலும் மறுபடி லாக் ஆகும். போனில் முதலில் மாத்திடுங்க.

மணி என்ன?

லேப்டாப் கடிகாரத்தைப் போனோடு ஒப்பிடுங்க. சர்வர் நேரத்தோடு 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், லாகின் மறுக்கப்படலாம்.

'ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப்' எரரா?

உங்களைப்போலவே லேப்டாப்புக்கும் சர்வரிடம் தனி பாஸ்வேர்டு உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாகவே மாறும். பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் இது பொருந்தாமல் போகலாம். இதைச் சரிசெய்ய வேண்டியது ஐ.டி டீம்தான். வீடியோ பார்த்து நீங்களே டொமைனில் இருந்து நீக்கிடாதீங்க. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு தெரியலைன்னா உள்ளே நுழையவே வழி இருக்காது.

ஐ.டி டீமைக் கூப்பிடும் முன், திரையில் வந்த எரரை போனில் ஒரு படம் எடுத்துக்கோங்க. பாதி வேலை முடிஞ்சிடும். அவசரம்னு பக்கத்து சீட் நண்பரின் பாஸ்வேர்டை மட்டும் வாங்காதீங்க. அதில் என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்!