வெளிநாட்டிலிருந்து வந்த டிவிடி ஏன் ஓடவில்லை?

ரொறன்ரோவில் நடந்த கலியாணம், இலண்டனில் நடந்த சாமத்தியவீடு, பாரிசில் நடந்த அந்தியேட்டி. போக முடியாமல் ஊரில் இருந்த தாய் தகப்பனுக்கு இவையெல்லாம் ஓர் இறுவட்டாகத்தான் வந்து சேர்ந்தன. ஆசையோடு பிளேயரில் போட்டால் படம் வராது. கடைக்குக் கொண்டுபோனால் 'ரீஜன் பிரச்சினை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இறுவட்டு அலுமாரிக்குள் போய்விடும். பெரும்பாலும் அந்த முடிவு பிழையானது. வீட்டு நிகழ்வுகளைப் பதிவுசெய்த இறுவட்டுக்களில் ரீஜன் எனப்படும் வலயப் பூட்டு இருப்பதில்லை.

வலயக் குறியீடு திரைப்பட நிறுவனங்களுக்காக வந்தது. 1997 இல் அமெரிக்காவில் டிவிடி விற்பனைக்கு வந்த காலத்தில், அங்கு வெளியான படம் மற்றைய நாடுகளின் திரையரங்குகளுக்குப் போகச் சில மாதங்கள் எடுக்கும். அதற்கு முன்னர் அமெரிக்க டிவிடி அங்கு போய்ச் சேரக்கூடாது, நாட்டுக்கு நாடு வேறு விலையில் விற்கவும் வேண்டும் என்பதே நோக்கம். அமெரிக்காவும் கனடாவும் 1. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே ஆகியவற்றோடு மத்திய கிழக்கும் 2. சிங்கப்பூர், மலேசியா 3. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து 4. இலங்கையும் இந்தியாவும் 5. இதே 5 இல்தான் ரஷ்யாவும் மொங்கோலியாவும் இருக்கின்றன. யார் எப்படி யோசித்துப் பிரித்தார்களோ தெரியாது. சீனா 6. உறையின் பின்புறத்தில் சிறிய உலக உருண்டைக்குள் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். '0' அல்லது 'ஆல்' என்றிருந்தால் எல்லா வலயத்துக்கும் திறந்தது என்று பொருள். தமிழ்ப் படங்களின் டிவிடிகளில் பல இப்படித்தான் வந்தன.

ஆகவே, முதலில் பிளேயர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வலயம் பிழை என்ற அறிவித்தல் திரையில் தோன்றினால் மட்டுமே அது வலயப் பிரச்சினை. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழுமாக உருண்டாலோ காரணம் வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பயன்படுவது என்ரிஎஸ்சி முறை: 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் இருப்பது பால் முறை: 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். பழைய குமிழ்த் தொலைக்காட்சிகளில் பல பால் முறையை மட்டுமே ஏற்கும். பிளேயரின் செட்டப் பகுதியில் 'டிவி சிஸ்டம்' என்ற இடத்தில் 'பால்' என்று மாற்றினால், பல பிளேயர்கள் தாமே முறையை மாற்றிக் காட்டும். தட்டையான புதிய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இரண்டு முறைகளையும் ஏற்கும்.

'டிஸ்க் இல்லை' என்று பிளேயர் சொன்னால் இன்னொரு சந்தேகம் வரவேண்டும். கமராவிலோ வீட்டு ரெக்கோடரிலோ நேரடியாகப் பதிந்த இறுவட்டை, பதிவு முடிந்ததும் 'பைனலைஸ்' செய்யவேண்டும். செய்யாவிட்டால் பதிந்த கருவியில் மட்டும் ஓடும். வேறு பிளேயர்கள் அதை வெற்று இறுவட்டாகவே பார்க்கும். அதே கருவி அனுப்பியவரிடம் இன்னும் இருந்தால், திருப்பி அனுப்பிச் செய்விப்பதே சுலபம். தூசியும் கீறலும் இதே அறிவித்தலைத் தரும் என்பதால், முதலில் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துப் பாருங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

உண்மையிலேயே வலயப் பூட்டுத்தான் என்றால், பல பிளேயர்களை ரிமோட்டில் சில எண்களை அழுத்தித் திறக்கலாம். அந்த எண்வரிசை மொடலுக்கு மொடல் வேறுபடும். பின்புறத்தில் உள்ள மொடல் இலக்கத்தைக் கொண்டே தேடவேண்டும். '0' என்று மாற்றிய பின்னும் சில அமெரிக்கப் படங்கள் ஓட மறுக்கும். அவை பிளேயரின் எண்ணைக் கேட்டுப் பார்ப்பவை. அவற்றுக்கு '1' என்று வைக்கவேண்டும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பதிப்புரிமைச் சட்டம் இந்த வலயப் பூட்டுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை.

கணினியில் அவதானம் தேவை. டிவிடி டிரைவின் வலயத்தை ஐந்து தடவைகள் மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது தடவை வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும். மாற்றவா என்று கணினி கேட்டதும் 'ஓம்' என்று அழுத்தாமல், விஎல்சி என்ற இலவச மென்பொருளில் முதலில் போட்டுப் பாருங்கள். பல டிரைவ்களில் அது வலயத்தைக் கேட்காமலே ஓட்டும்.

வெளிநாட்டிலிருந்து பிளேயரையே கொண்டுவருபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், எங்களுடையது 230. பின்புறத்தில் '100-240' என்று இல்லாத பிளேயரை நேரே செருகினால் எரிந்துவிடும்.

எப்படியோ படம் ஓடிவிட்டால், அன்றே பிரதி எடுங்கள். வீடியோக்காரர் கணினியில் எழுதித் தந்த இறுவட்டின் பதிவு ஒரு சாயப் படையில் இருக்கிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும். இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த எத்தனையோ வீடுகளில், இறந்துபோன ஒருவர் நடந்து சிரித்துப் பேசுவது யாரோ ஒருவரின் கலியாண டிவிடியில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இறுவட்டைக் கணினியில் திறந்து, 'வீடியோ ரிஎஸ்' என்ற கோப்புறையை அப்படியே பிரதி செய்தால் போதும். கைபேசியில் பார்க்க வேண்டுமானால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் எம்பி4 கோப்பாக மாற்றலாம். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் இன்னொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். இறுவட்டின் மேல் குமிழ்முனைப் பேனாவால் எழுதவேண்டாம்.