வாகனக் கட்டுப்பாட்டு அலகுத் தொடர்புப் பழுது

வாகனக் கட்டுப்பாட்டு அலகுத் தொடர்புப் பழுது என்பது வாகனத்தின் எந்திரம், பிரேக், காற்றுப்பை முதலியவற்றை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் தமக்குள் செய்தி பரிமாற இயலாத நிலையாகும். இப்போது பதிவாகும் பழுதுக் குறியீடு எந்த அலகின் செய்தி வரவில்லை என்பதை மட்டுமே கூறுகின்றது. அந்த அலகு கெட்டுவிட்டது என்பது அதன் பொருள் அன்று. கம்பிகளையும் மின்வழங்கலையும் சோதிக்காமல் விலை மிகுந்த அலகை மாற்றினால் பழுது அப்படியே நீடிக்கக்கூடும்.

பின்னணி

அலகுகளை இணைக்கும் கேன் வலையமைப்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986 இல் அறிமுகப்படுத்தியது. 1993 இல் இது ஐஎஸ்ஓ 11898 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், இருசக்கர வாகனங்களிலும் மின்னணுக் கட்டுப்பாடு பரவலாயிற்று.

செயற்படும் விதம்

அதிவேகக் கேன் வலையமைப்பில் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரு கம்பிகள் உள்ளன. இவை கேன் உயர், கேன் தாழ் எனப்படும். செய்தி இல்லாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். செய்தித் துடிப்பின்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு உயர, மற்றது 1.5 வோல்ட்டுக்குத் தாழும். இவ்வேறுபாட்டையே அலகுகள் படிக்கின்றன. வலையமைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. செய்தி அனுப்புவதில் பிழைகள் பெருகி, பிழை எண்ணிக்கை 255 ஐத் தாண்டினால் ஓர் அலகு தானே வலையமைப்பிலிருந்து விலகிக்கொள்ளும். எனவே பேசாதிருக்கும் அலகு நல்ல நிலையிலும் இருக்கலாம்.

பழுதறியும் முறை

1. பேட்டரியின் மின்னழுத்தம், உருகிகள், அலகின் எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.
2. 'யூ' எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் தொடர்புப் பழுதைச் சுட்டும். எடுத்துக்காட்டாக, யூ0100 எந்திர அலகின் செய்தி வரவில்லை என்பதைக் குறிக்கும். பல அலகுகளும் ஒரே அலகைச் சுட்டினால் அதன் மின்வழங்கலையும் கிளைக்கம்பியையும் ஆராய வேண்டும். எந்த அலகும் பேசாவிடில் முதன்மைக் கம்பியை ஆராய வேண்டும்.
3. பேட்டரியைக் கழற்றியபின், சோதனை இணைப்பியின் 6, 14 ஆம் ஊசிகளுக்கிடையே மின்தடையை அளக்க வேண்டும். ஏறத்தாழ 60 ஓம் எனில் சரி. 120 ஓம் எனில் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது ஒரு முனைத்தடை இழந்திருக்கலாம். சுழிக்கு அருகில் எனில் இரு கம்பிகளும் ஒட்டியிருக்கும். இடைவாயில் அலகு உள்ள வாகனங்களில் உட்புற வலையமைப்பிலேயே அளக்க வேண்டும்.
4. இதன் பின்னும் காரணம் புலப்படாவிடில் அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் தொடர்பு மீள்கின்றதோ, அந்த அலகிலோ அதன் கிளையிலோ பழுது உள்ளது.

காற்றுப்பை இணைப்பிகளைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் காத்திருத்தல் கட்டாயமாகும்.

சென்னைப் புறநகரில்

2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பகுதிகளிலும், 2023 டிசம்பர் மிக்சாங் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளிலும் வெள்ளம் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய வாகனத்தின் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு மெதுவாகவே படரும். ஆகையால் பழுது பல வாரங்கள் கழித்தும் தோன்றலாம். சிறுசேரி, கேளம்பாக்கம் போன்ற கடலோரத்தை அடுத்த ஊர்களில் உப்புக்காற்றும் இவ்வரிப்பை விரைவுபடுத்தும். இத்தகைய வாகனங்களில் தரைவிரிப்பின் கீழுள்ள இணைப்பிகளையும் எர்த் முனைகளையும் முதலில் திறந்து பார்ப்பது பயன் தரும்.