நோயுற்றோரும் கருவியாக்கமும்

மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்த திருவள்ளுவர் நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். அண்மைக்கால மருத்துவத்தில் அம்முதலிடம் அவனுக்குக் கிட்டியதென்று கூறவியலாது. கருவிகளை ஆக்குவோர், அவற்றோடு வாழவேண்டியவரை வினாவியறிதல் அரிதாயிருந்தது. அந்நிலை அமெரிக்காவிலே நீரிழிவு நோயாளராற் சற்றே மாறிய வரலாறு ஈண்டு நோக்கற்பாலது.

றிச்சேட் பேண்ஸ்டீன் என்னும் பொறியியலாளரை அந்நோய் 12ஆவது வயதிலே பற்றியது. 1969இல், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு அதிலுள்ள குளுக்கோசை அளக்கும் கருவியொன்றின் விளம்பரம் அவர் கண்ணிற்பட்டது. அக்கருவியை நோயாளிக்கு விற்பாரில்லை. அவர் மனைவியார் வைத்தியராயிருந்தமையின் அவர் பெயராலே அது வாங்கப்பட்டது. நாள்தோறும் பன்முறை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றி, உடல்நலம் தேறக்கண்டார். அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. ஆகவே 1979இல், 45ஆவது வயதில், மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து வைத்தியரானார். தம் உடம்பைப் பற்றிப் பேசுதற்கும் பட்டம் வேண்டியிருந்தது போலும்!

2013 அளவில், தோலின்கீழ்ப் பொருத்திய உணரியொன்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை குளுக்கோசை அளந்து, சிறு பெட்டியொன்றிற் காட்டும் முறை வந்துவிட்டது. ஆனால் அவ்வெண்கள் அப்பெட்டியை விட்டு வெளிச்செல்லவில்லை. தம்மைப் பிரிந்திருக்கும் வேளையிலும் நோயுற்ற சிறுமகனின் நிலையை அறிய விரும்பிய ஜோன் கொஸ்ரிக் என்னும் நிரலாளர், அவற்றை இணையத்துக்கு அனுப்பும் நிரலை அவ்வாண்டே ஆக்கினார். பெற்றோர் பலர் கூடி அதனை வளர்த்தனர். 'நைற்ஸ்கவுற்' என்பது அதன் பெயர்.

சியாற்றில் நகரத்து டேனா லூயிஸ் என்பாருக்கு வேறொரு குறை. குளுக்கோசு தாழ்ந்தால் ஒலிக்கும் மணி அவர் துயிலைக் கலைக்கவில்லை. தனித்து வாழ்பவர் உறக்கத்திலே மயங்கின் எழுப்புவார் யார்? பரிசோதனைச்சாலையிலே விழித்திருப்போருக்கு இவ்வினா எழாது. கொஸ்ரிக்கின் நிரலைப் பெற்று, ஸ்கொற் லைப்ராண்ட் என்பாரின் துணையுடன், உரத்த மணியொன்றை அவர் அமைத்துக்கொண்டார். பின்னர், வரப்போகும் அளவை முன்கணிக்கவும், இன்சுலின் பம்பியைத் தானே இயக்கவும் அம்முறை வளர்ந்தது. 2015இல் அதன் அமைப்பு யாவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது.

வல்லுநர் அஞ்சியது வீணன்று. இன்சுலின் மிகின் உயிர்க்கே கேடு. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், இசைவு பெறாத கருவியமைப்பொன்றைப் பயன்படுத்திய ஒருவருக்கு இன்சுலின் மிகையாகச் சென்றமையை எடுத்துக்காட்டி எச்சரித்தது. ஆயினும் 2023 சனவரியில் அந்நிருவாகமே 'ரைட்பூல் லூப்' என்னும் நிரலுக்கு இசைவளித்தது. அதற்கு மூலமான நிரலை எழுதியோருள் ஒருவர் நீரிழிவு நோயாளர். மற்றொருவர் அந்நோயுற்ற சிறுமியொருத்தியின் தந்தை.