டிரெட்மில்லின் வரலாறு

டிரெட்மில் எனப்படும் நடைபொறி உடற்பயிற்சிக்காகப் பிறந்ததன்று, தண்டனைக்காகப் பிறந்தது. கைதிகள் சும்மா இருப்பதைக் கண்ட இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் 1818இல் இதை வடிவமைத்தார். பெரிய உருளையின் படிகளில் கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் ஏறினர். காலடியில் படி இறங்கிக்கொண்டே இருக்கும். நினைத்தபோது நிற்க முடியாது. சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, நீர் இறைத்தது. மற்றவற்றில் வீணே சுழன்றது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895இல் இதில் ஏறியவரே. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பின் இது வழக்கொழிந்தது.

1952இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸும் வேய்ன் குவின்டனும் இதயத்தைச் சோதிக்க மோட்டாரில் ஓடும் பட்டையை அமைத்தனர். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் புரூஸ் முறையே நம் மருத்துவமனைகளின் 'டி.எம்.டி.' சோதனைக்கு அடிப்படை. 1960களின் பிற்பகுதியில் வில்லியம் ஸ்டாப் வீட்டுக்கேற்ற மலிவான பொறியைச் செய்தார்.

இன்றைய பொறியில் நிறுத்தும் உரிமை நடப்பவரிடமே உள்ளது. உடையில் மாட்டும் பாதுகாப்புச் சாவியின் கயிறு இழுபட்டால் பட்டை நின்றுவிடும். பலர் அதைக் கைப்பிடியிலேயே தொங்கவிடுகின்றனர். அப்படித் தொங்கும் சாவியால் பயனில்லை. பொறியின் பின்புறம் சுமார் 2 மீட்டர் இடம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால், விழுபவர் ஓடும் பட்டைக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்வார். குழந்தைகள் உள்ள வீட்டில் பயிற்சி முடிந்ததும் சாவியைக் கழற்றி, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.