ஒரு குரல், இரண்டு கைகள்

பிரிட்ஜில் ஒருவர் கைக்கு வரும் 13 சீட்டுகள் 63,501 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் அமையலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு அதைச் சொல்ல இருப்பவை மொத்தம் 38 சொற்கள். 35 ஏலக் கேள்விகள், பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான் அகராதி.

ஏலத்துக்கு இத்தனை கனம் வந்தது 1925-இல். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா சென்ற கப்பலில், ஹெரால்டு வாண்டர்பில்ட் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை வகுத்தார். எத்தனை பிடி எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஏலத்தில் சொன்னால்தான் பெரிய வெகுமதி. ஆக, சீட்டு விளையாடுவதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

முதல் குரலே 'இரண்டு' என்றால், எட்டுப் பிடி எடுப்பேன் என்று பொருள். 1930களில் எலி கல்பர்ட்சன் அதை மிக பலமான கைக்கு ஒதுக்கினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட கை எப்போதாவதுதான் வரும். விலை உயர்ந்த சொல் அலமாரியிலேயே தூங்கும். அமெரிக்காவில் ஹோவர்டு ஷெங்கன் போன்றவர்கள் அதைத் தலைகீழாக்கிப் பரப்பினார்கள். ஒரே இனத்தில் ஆறு சீட்டு, மற்றபடி சுமாரான கை. அதற்கும் 'இரண்டு' சொல்லலாம். நல்ல கை வைத்திருக்கும் எதிரணி, பேச இடமில்லாமல் திணறும்.

லண்டனில் பிறந்த ஏகால் முறைக்காரர்களுக்கோ பலமான 'இரண்டு' மீது பற்று அதிகம். அதை விடவும் மனசில்லை, பலவீனமான 'இரண்டு' தரும் தொந்தரவையும் இழக்க முடியாது. டெரன்ஸ் ரீஸும் ஜெரமி ஃப்ளின்ட்டும் 1960களில் கண்ட வழிதான் 'மல்டி' இரண்டு டைமண்ட். இதற்கும் டைமண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆட்டினிலோ இஸ்பேடிலோ ஆறு சீட்டுள்ள பலவீனமான கையாக இருக்கலாம். இல்லையென்றால் ஒருசில வகைப் பலமான கையாக இருக்கலாம். கூட்டாளி பெரும்பாலும் 'இரண்டு ஆட்டின்' என்பார். உன்னுடையது ஆட்டின் என்றால் பாஸ் செய், இஸ்பேட் என்றால் மாற்று என்று அதற்குப் பொருள். பலமான கை என்றால், முதல் ஆள் வேறு குரலில் சொல்லிவிடுவார். ஒரே சொல்லில் பல பொருளை அடைத்ததால், இரண்டு ஆட்டினும் இரண்டு இஸ்பேடும் வேறு வேலைக்குக் கிடைத்தன. மென்பொருளில் நினைவகம் போதாதபோது நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

எதிரணி என்ன செய்யும்? எந்த இனம் என்று தெரியாமல் எதை எதிர்ப்பது? அமெரிக்க அமைப்பு இதை நெடுங்காலம் பெரும்பாலான சாதாரணப் போட்டிகளில் அனுமதிக்கவில்லை. உலகக் கூட்டமைப்போ, இனம் தெரியாத பலவீனத் தொடக்கங்களைக் கட்டுப்படுத்திய விதியிலேயே இதற்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

இங்கே ரீஸின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். 1965-இல் புவெனஸ் ஐரிஸ் உலகப் போட்டியில், அவரும் போரிஸ் ஷபைரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஆட்டின் எண்ணிக்கையைச் சொன்னார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. உலகக் கூட்டமைப்பு குற்றவாளிகள் என்றது. பிரிட்டிஷ் விசாரணை, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. இன்றும் சர்ச்சை ஓயவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்தால் விளையாட்டின் அறம் எங்கே நிற்கிறது என்று புரிகிறது. விரல் சைகை ஒரு தெளிவான செய்தி. ஆனால் இருவருக்கு மட்டுமே. மல்டி ஒரு குழப்பமான செய்தி. ஆனால் நால்வருக்கும் பொது. எதிரணி கேட்டால் அர்த்தத்தை முழுதாகச் சொல்லியாக வேண்டும். எந்த இனம் என்பது அந்தக் கணத்தில் கூட்டாளிக்கும் உறுதியாகத் தெரியாது. தன் கையைப் பார்த்து ஊகிக்கலாம், அந்த உரிமை எதிரிக்கும் உண்டு.

ஆனாலும் தடை விதித்தவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து பதில் தயாரித்த ஜோடிக்கும், மேசையில் முதல் முறை இதைக் கேட்கும் ஜோடிக்கும் 'எல்லோருக்கும் தெரியும்' என்பது ஒன்றல்லவே. ஒளிக்காமல் இருப்பது நேர்மைக்குப் போதும். புரிந்துகொள்ள அவகாசமும் கொடுத்தால்தான் அது சமமான ஆட்டம்.